கமலா கானும் கணக்கில் வராத வாசகர்களும்

ஒரு காமிக்ஸ் கைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டதை நான் பார்த்தது 2013 நவம்பரில். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அடுத்த பிப்ரவரியில் மார்வெல் ஒரு புது மாத இதழ் தொடங்குகிறது. பெயர் 'மிஸ் மார்வெல்'. நாயகிக்குப் பதினாறு வயது. நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் வீடு, பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பம், பெயர் கமலா கான்.

சாரா பிகெல்லி வரைந்த அட்டைப்படமும் கூடவே வந்தது. கருப்புச் சட்டை, அதன் நடுவில் மஞ்சள் மின்னல். கழுத்தைச் சுற்றித் துணி. ஒரு கையில் அணைத்துப் பிடித்த பாடப்புத்தகங்கள், இன்னொரு கை இறுக மூடிய முஷ்டி. முகம் முழுதாகத் தெரியாது. அந்த அரைமுகத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை சண்டையும் நடந்தது.

கமலா என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஆறாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த கமலா டீச்சர். நமக்கு அது தாமரை. அவர்கள் வீட்டில் அது அரபி வேரிலிருந்து வரும் சொல், நிறைவு என்று பொருள். ஒரே பெயர் இரண்டு வழியாக வந்து ஒரு காமிக்ஸ் அட்டையில் நிற்கிறதே என்று ஒரு நாள் முழுக்க மனசு நிறைந்து போயிருந்தேன்.

சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை. 'மிஸ் மார்வெல்' என்ற பெயருக்கு முன்பே சொந்தக்காரி உண்டு. 1977-இலேயே அந்தப் பெயரில் இதழ் பெற்ற கேரல் டான்வர்ஸ், 2012-இல் கெல்லி சூ டிகானிக் எழுதத் தொடங்கிய கதையில்தான் கேப்டன் மார்வெல் ஆகியிருந்தாள். பழைய பெயர் காலியாகி இரண்டு ஆண்டுகூட நிறைவாக ஓடவில்லை, அதற்குள் ஒரு சின்னப் பெண்ணுக்கா என்று சிலருக்கு வருத்தம். காமிக்ஸுக்குள் மதத்தை எதற்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சிலருக்குக் கோபம். எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது கூட்டம். தங்களைப் போல ஒரு பெண் வரப்போகிறாள் என்று மகிழ்ந்த முஸ்லிம் வாசகர்களிலேயே பலருக்குப் பயம் இருந்தது. இவளையும் ஒரு பொம்மையாக்கி வைத்துவிடுவார்களோ, அப்பா அடிக்கிறார் அண்ணன் மிரட்டுகிறான் என்ற பழைய கதையையே மறுபடி சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அடிபட்டவர்களின் பயம் அது. நியாயமானது.

வரவேற்றவர்களும் இருந்தார்கள். கேரலின் ரசிகர்கள் தங்களைக் 'கேரல் கோர்' என்று சொல்லிக்கொள்வார்கள், ஒரு படைப்பிரிவு மாதிரி. அவர்களில் நிறையப் பேர் இந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டுத் தங்கையாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஏன் என்பது முதல் இதழ் வந்ததும் புரிந்தது.

2014 பிப்ரவரி 5, புதன்கிழமை. அமெரிக்கக் கடைகளில் புது காமிக்ஸ் வரும் கிழமை அதுதான். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவியவர், கெய்ரோவில் வாழ்ந்தவர், அதற்கு முன்பே நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர். வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. இதற்கெல்லாம் விதை போட்ட ஆசிரியர் சனா அமனத், தானே நியூஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண். தன் சின்ன வயசுக் கதைகளைச் சக ஆசிரியர் ஸ்டீஃபன் வாக்கரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பிறந்தவள்தான் கமலா.

முதல் பக்கத்தில் வில்லனும் இல்லை, இடிந்து விழும் கட்டடமும் இல்லை. ஒரு மூலைக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச். கமலா அதன் முன்னால் குனிந்து நின்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடமாட்டாள், முகர்ந்து மட்டும் பார்ப்பாள். பக்கத்தில் தோழி நக்கியா, கல்லாவில் நண்பன் புரூனோ. வீட்டில் தடை, நாக்கில் ஆசை, மனசில் பக்தி, மூன்றும் ஒன்றாக இருக்கும் ஒரு வயசை ஒரே கட்டத்தில் காட்டிவிட்டார்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டில் வளர்ந்து, பஸ் ஸ்டாண்டு ஆம்லெட் கடை வாசலில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்ற பெண் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறாள் தெரியுமா? கணினி முன் உட்கார்ந்து அவெஞ்சர்ஸை வைத்துத் தானே ஒரு கதை எழுதுகிறாள். அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள் என்று எண்ணுகிறாள். கீழே அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். அதாவது இவள் ஒரு ரசிகை. சக்தி வருவதற்கு முன்னாலிருந்தே ரசிகை. கேரல் டான்வர்ஸ் என்றால் உயிர். காமிக்ஸ் ரசிகர்களைக் கேலிக்குரியவர்களாகக் காட்டிய கதைகள் எத்தனையோ உண்டு. இதில் ரசிகைதான் நாயகி. கேரல் கோர் அவளைத் தங்கையாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தக் காட்சி. ராத்திரி விருந்துக்கு அப்பா அனுமதி தரவில்லை, திருட்டுத்தனமாகப் போகிறாள், அங்கே கேலி பேசுகிறார்கள், மனசு ஒடிந்து திரும்பும்போது ஊரை ஒரு மர்மமான மூடுபனி மூடுகிறது, அது அவளைச் சுற்றி ஒரு கூடாக இறுகுகிறது. மயக்கத்தில் கேப்டன் மார்வெல், அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா மூவரும் தேவதைகள் மாதிரி மேகத்தில் தோன்றி உருதுவில் பேசுகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கேரல் மாதிரி அழகாக, பலசாலியாக, சிக்கல் இல்லாதவளாக ஆக வேண்டும் என்கிறாள். கிடைக்கிறது. கூட்டை உடைத்து வெளியே வருபவள் பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல், பழைய கருப்பு உடை, தொடை வரை பூட்ஸ் போட்ட கேரல். முதல் இதழ் அங்கேயே முடிகிறது.

இரண்டாம் இதழில் அந்த வெள்ளை உடம்போடு அவள் படும் பாட்டைப் பாருங்கள். பூட்ஸ் கடிக்கிறது, உடை அறுக்கிறது. எந்தப் பெண் அவளைக் கேலி செய்தாளோ அவளே ஆற்றில் விழுந்து தத்தளிக்கும்போது, அப்பா சொல்லிக்கொடுத்த குர்ஆன் வசனம் ஞாபகம் வந்து கையைப் பெரிதாக நீட்டித் தூக்குகிறாள். காப்பாற்றியபோதும் முகம் தன்னுடையதில்லை. அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லத் தன் தோலுக்கே திரும்புகிறாள், தன்னிடமிருந்த புர்கினியை, முஸ்லிம் பெண்கள் உடம்பு மறைத்து நீந்தப் போடும் உடையை, மாற்றி அமைத்துத் தன் சீருடை ஆக்கிக்கொள்கிறாள். அடுத்தவள் முகம் வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் இவள் செய்யும் முதல் வீரச்செயல். இதை மறக்காதீர்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இந்த முதல் தொகுதியை என் அக்கா மகளுக்குக் கொடுத்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. காமிக்ஸ் என்றால் தம்பிப் பையன்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள், பக்கத்தின் ஓரத்தில் சாம்பார்க் கறைகூட இன்னும் இருக்கிறது. பாதியில் தலை நிமிர்ந்து, "சித்தி, இவ அம்மா நம்ம அம்மா மாதிரியே கத்துறாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ வேற ஆளா மாறினப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, திரும்பி வரமாட்டாளோன்னு" என்றாள். பெரியவர்கள் எழுதிய எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தின் மையத்தை இவ்வளவு சரியாகத் தொட்டதை நான் கேட்டதில்லை.

படித்தவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள். முதல் இதழ் அடுத்தடுத்து மறுபதிப்பு கண்டது. மின்னிதழ் விற்பனையில் மார்வெலின் முன்வரிசைக்குப் போனது. அவளை வைத்துத் தங்களைக் 'கமலா கோர்' என்று அழைத்துக்கொள்ளும் ரசிகர் கூட்டமே உருவானது. காமிக்ஸ் மாநாடுகளில் மின்னல் சட்டையும் சிவப்புத் துணியுமாகச் சின்னப் பெண்கள் வந்தார்கள், ஹிஜாபோடும் வந்தார்கள், இல்லாமலும் வந்தார்கள். 2015-இல் முதல் தொகுதி சிறந்த படக்கதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. மறு ஆண்டு வெள்ளை மாளிகையின் மகளிர் வரலாற்று மாத நிகழ்ச்சியில் சனா அமனத் மேடையேறி ஒபாமாவை அறிமுகம் செய்தார்.

இவற்றில் எதையும்விட என்னை உலுக்கியது சான் பிரான்சிஸ்கோ பேருந்துகள். 2015 ஜனவரியில் அந்த ஊர் மாநகரப் பேருந்துகளில் முஸ்லிம்களுக்கு எதிரான விளம்பரங்களைக் காசு கொடுத்து ஒட்டியிருந்தார்கள். யாரோ சிலர் அவற்றின் மேல் கமலா கானின் படத்தை ஒட்டி மறைத்துவிட்டார்கள், வெறுப்புக்கு எதிரான வாசகங்களோடு. முதல் இதழ் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த நகரத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லத் தோன்றியபோது கைக்கு வந்தது எழுபது வயது தாண்டிய சூப்பர்மேன் இல்லை, பதினாறு வயதுப் பெண். ரசிகர் எதிர்வினை என்று நான் சொன்னால் எனக்கு அதுதான் கண்ணில் நிற்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காமிக்ஸ் கடைகளின் மாத விற்பனைப் பட்டியலில் இந்த இதழ் உச்சியில் இருந்ததே இல்லை. தொடக்க ஆரவாரம் அடங்கிய பிறகு நடுவிலோ அதற்கும் கீழேயோதான்.

காரணம் அந்த வியாபார முறை. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் ஒரு இதழ் வெளியாவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே இத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். விற்காமல் தங்கினால் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது, நஷ்டம் அவர் தலையில். அதனால் அவர் யாரைக் கேட்பார்? புதன்கிழமை தவறாமல் வந்து, தன் பெயரில் இதழ்களை ஒதுக்கி வைக்கச் சொல்லும் பழைய வாடிக்கையாளரைக் கேட்பார். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸுக்குச் சந்தா கட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் தர்க்கம் புரியும்: முன்பணம் கட்டியவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் அச்சுக்குப் போகும் எண்ணிக்கை. ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்தாலும் மூன்று மாதம் கழித்து வரப்போவதை இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? அவள் நூலகத்தில் எடுப்பாள், புத்தகக் கடையில் தொகுதியாக வாங்குவாள், தோழியிடம் இரவல் கேட்பாள், போனில் படிப்பாள். மாதக் கணக்கில் அவள் எங்குமே இல்லை.

2017-இல் மார்வெலின் விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர் ஒருவர், பன்முகத்தன்மையும் பெண் நாயகிகளும் வாசகர்களுக்கு வேண்டியிருக்கவில்லை என்று கடைக்காரர்கள் சொல்லக் கேட்டதாகப் பேசி, பெரிய கண்டனம் எழுந்து, பிறகு விளக்கம் தர வேண்டியதாயிற்று. கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தங்கள் கடைக்குள் வந்தவர்கள் சொன்னதைச் சொன்னார்கள். தவறு எங்கே என்றால், கடைக்குள் வந்தவர்கள்தான் வாசகர்கள் எல்லோரும் என்று எடுத்துக்கொண்டதில்.

இதற்கு முன்பே அந்த நிறுவனம் இதே பாடத்தைப் படித்திருக்கிறது, அதுவும் இதே ஓவியரோடு. 2003-இல் பிரையன் கே. வானும் அல்ஃபோனாவும் சேர்ந்து 'ரன்அவேஸ்' தொடங்கினார்கள். தங்கள் அப்பா அம்மாக்கள் எல்லோரும் வில்லன்கள் என்று கண்டுபிடித்து வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள். இதைவிட நல்ல விடலைப் பருவக் கதையை எனக்குத் தெரிந்து யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நாளாவது அப்படித் தோன்றும். மாத விற்பனை போதவில்லை, 18 இதழோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் கைக்கடக்கமான சிறு தொகுதிகளாகப் போட்டது புத்தகக் கடைகளில் நன்றாக ஓடியது. 2005-இல் மறுபடி தொடங்கினார்கள். வாசகர்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். தேடிய இடத்தில்தான் அவர்கள் இல்லை.

விடலை நாயகர்களுக்கும் ரசிகர் கணக்குக்கும் உள்ள உறவில் இன்னொரு பழைய கதை உண்டு, படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். 1988-இல் டிசி நிறுவனம் பேட்மேனின் இரண்டாம் ராபின் ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடமே விட்டது. இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட், அதாவது அரை டாலர். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால் 72 பேர் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பையனை நேசித்த ஒரு பத்து வயதுக் குழந்தை, வீட்டுப் போனைத் தொட அனுமதி இல்லாமல், அந்த இரண்டு நாளும் என்ன செய்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அந்தக் கணக்கிலும் அது இல்லை.

கமலாவுக்கு வருகிறேன். இடையில் 2016-இல் மார்க் வெய்டும் உம்பர்டோ ராமோஸும் 'சாம்பியன்ஸ்' தொடங்கினார்கள். பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்து வெறுத்துப்போய் கமலா, மைல்ஸ் மொராலெஸ், நோவா மூவரும் அவெஞ்சர்ஸை விட்டு வெளியேறி, இன்னும் சில பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தங்கள் குழுவைக் கட்டுகிறார்கள். நல்ல தொடக்கம். சில இதழ்கள் பாடம் நடத்துவது போல இருந்ததால் எனக்கு ஒட்டவில்லை.

2023 மே 31. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 26-ஆம் இதழ். கமலா கான் சாகிறாள். செய்தி முன்பே கசிந்து, இதழ் வருவதற்குள் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். படித்தபோது கோபத்தைவிடத் துக்கம்தான் மிஞ்சியது எனக்கு. அது அவளுடைய இதழே இல்லை. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் கதையில் அவள் துணைப் பாத்திரம். எதிரியை ஏமாற்ற, பீட்டர் நேசித்த மேரி ஜேன் உருவத்துக்கு மாறி நிற்கிறாள், குத்து விழுகிறது, அதற்கப்புறம்தான் சொந்த முகம் திரும்புகிறது. முதல் தொகுதியில் பொன்னிறக் கூந்தல்காரியின் முகத்தை வேண்டாம் என்று கழற்றி எறிந்தவளை, ஒன்பது ஆண்டு கழித்து, செந்நிறக் கூந்தல்காரியின் முகத்தோடு குத்துப்பட வைத்தார்கள். எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. அந்த முதல் தொகுதி அவளுடைய வாசகர்களுக்கு என்னவாக இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதுதான் வலி.

இரண்டே மாதத்தில், ஜூலையில், எக்ஸ்-மென் கதை ஒன்றில் உயிர்ப்பித்தார்கள். அப்படியானால் கொன்றது எதற்கு என்று கேட்ட ரசிகர்கள் பக்கம்தான் நான். ஒரு மரணத்தைச் செய்தியாக்கி இதழ் விற்பது பழைய வழக்கம். ஆனால் முதல் முறையாகத் தங்களைப் பக்கத்தில் பார்த்த பிள்ளைகளிடம் அதைச் செய்யக்கூடாது.

அதன் பிறகு நடந்த ஒன்றுக்காக மட்டும் மன்னிக்கத் தோன்றுகிறது. ஆகஸ்டில் 'மிஸ் மார்வெல்: த நியூ மியூட்டன்ட்' வந்தது. சபீர் பிர்சாதாவோடு சேர்ந்து எழுதியவர் இமான் வெல்லானி. கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், 2022-இல் வந்த 'மிஸ் மார்வெல்' தொலைக்காட்சித் தொடரில் கமலாவாக நடித்தவர். அதற்கெல்லாம் முன்னால், பள்ளிக்கூட ஹாலோவீன் நாளில் கமலா வேடம் போட்டுப்போன ஒரு ரசிகை. கதைக்குள் அவெஞ்சர்ஸ் கதை எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அவளைப் படித்து வளர்ந்த பெண்ணே கதை எழுதினாள். அதில் கனவுக்கும் பயத்துக்கும் நடுவில் கமலா தன்னைத் தேடும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தன, கதையோட்டம் சில இடங்களில் தடுமாறினாலும்.

என் அக்கா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த முதல் தொகுதி அவள் விடுதி அறையில்தான் இருக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை. அறைத்தோழிகள் நான்கு பேர் படித்துவிட்டார்களாம். நான் வாங்கியது ஒரு பிரதி. வாசகர்கள் அவளோடும் என்னோடும் சேர்த்து ஆறு பேர். எந்தப் பட்டியலிலும் அது ஒன்று என்றுதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, 'மிஸ் மார்வெல்' முதல் தொகுதியை, அதாவது முதல் ஐந்து இதழ்களை, கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் என்ன தோன்றியது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிடித்திருந்தால் அடுத்த தொகுதியைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வேண்டுகோள் ஏடு இருந்தால் அதிலும் எழுதி வையுங்கள், பிள்ளையின் கையெழுத்திலேயே.